கதவைத் திறந்தவன்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் படைத்த மனிதர்கள் அவனிடம் வந்து நியாயம் கேட்பதில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பெண்ணை விதவையாக்கிவிட்டு, ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்குமுன் நான் நிம்மதியாகக் காப்பி சாப்பிடலாம். வாசகர்கள் கடிதம் எழுதித் திட்டுவார்கள். அது வேறு விஷயம். அந்தப் பெண் திட்டமாட்டாள்.

இந்தச் சௌகரியம் வாய்க்காத இன்னொரு வகைப் படைப்பாளிகள் சென்ற ஐம்பது ஆண்டுகளுக்குள் தோன்றியிருக்கிறார்கள். அவர்கள் உலகத்தைப் படைக்கிறார்கள். அதில் உலவும் பாத்திரங்களைப் படைப்பதில்லை. பாத்திரங்கள் எங்கெங்கோ உள்ள ஊர்களிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகத் தாமே வந்து சேருகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். பலர் கூடி ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளையும் அவற்றைச் சுற்றி வளர்ந்த சமூகங்களையும்தான் சொல்கிறேன். ‘பிள்ளைகள் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதிகாரம் எது, பொறுப்பு எது என்ற கேள்வி இவ்வளவு பச்சையாக எழுந்த இடங்கள் அதிகமில்லை.

இதன் தொடக்கம் 1978. இங்கிலாந்தில் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்ற ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். படம் கிடையாது, இசை கிடையாது. எல்லாம் வெறும் வாசகங்கள். நீ நிற்கும் இடம் இப்படிப்பட்டது என்று திரையில் எழுத்து வரும். ‘வடக்கு’ என்று தட்டினால் வடக்கே உள்ள இடத்தின் வருணனை வரும். அதே நேரத்தில் வேறொருவரும் அங்கே நின்றால் அவர் பேசுவதும் உங்களுக்குத் தெரியும். புரட்சி என்று எதையாவது சொல்வதானால் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். 1980-ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் அதை ஏற்று வளர்த்தார். பகலில் கம்ப்யூட்டருக்குப் பல்கலைக்கழக வேலை இருந்தது. ஆகவே வெளியார் விளையாட ஊர் உறங்கிய பிறகுதான் அனுமதி. டெலிபோன் கட்டணத்தையும் கொடுத்து, தூக்கத்தையும் கொடுத்து ஜனங்கள் வந்தார்கள்.

எதற்காக? 1996-ல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். வருகிறவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களாகப் பிரித்தார். புதையலும் பட்டமும் சேர்க்க வருபவர்கள் டைமன். மூலைமுடுக்கெல்லாம் துருவிப் பார்க்க வருபவர்கள் இஸ்பேட். நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்க வருபவர்கள் ஆர்ட்டின். அடுத்தவனை அடித்து அதில் இன்பம் காண்பவர்கள் கிளாவர். ஆங்கிலத்தில் அந்த இனத்துக்குப் பெயரே தடி என்பதுதான்!

மனிதர்களை நான்காகப் பிரிப்பது யாருக்கும் எளிது. ஜோசியர் பன்னிரண்டாகவே பிரித்துவிடுகிறார். அந்தக் கட்டுரையில் நான் மதிப்பது வேறொன்று. ஓர் இனம் பெருகும்போது மற்ற இனங்களுக்கு என்ன நேர்கிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். தடிக்காரர்கள் பெருகினால் பேச வந்தவர்கள் போய்விடுவார்கள். சமூகத்தை வளர்ப்பது என்பது தலைகளைக் கூட்டுவதல்ல என்பதை, விளையாட்டுக் கட்டிய ஒருவர் விளையாட்டைக் கொண்டே காட்டிவிட்டார்.

என் அக்காள் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனும் இப்படி ஒரு கூட்டத்தை இன்டர்நெட்டில் நடத்துகிறான். நாலு நண்பர்களோடு தொடங்கியது, இரண்டே ஆண்டில் நாலாயிரம் பேராகிவிட்டது. சென்ற மாதம் என்னிடம் வந்து, “மாமா, ஒருத்தன் ராத்திரியெல்லாம் எல்லாரையும் கேவலமாப் பேசறான். ஆனா அவன் ஆடறதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க. அவனைத் தூக்கினா எண்ணிக்கை விழுந்துடும். நான் இடத்தைத்தானே குடுத்தேன்? அவங்களுக்குள்ள சண்டைன்னா நான் என்ன செய்ய?” என்றான்.

அந்தக் கடைசிக் கேள்வி லேசான கேள்வியல்ல. அவனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டு அவதிப்பட்ட ஒருவரின் கதையைச் சொன்னேன்.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்ற விஞ்ஞானி, 1990-ல் ‘லாம்டாமூ’ என்ற எழுத்துலகத்தைத் திறந்துவைத்தார். எஸெக்ஸ் விளையாட்டின் வழித்தோன்றல்தான் அது. தம் சொந்த வீட்டையே மாதிரியாக வைத்து அதைக் கட்டினார். முதன்முதலாக வருகிறவர் கோட்டுகள் தொங்கும் ஓர் இருட்டறையில் வந்து நிற்பார். கைப்பிடியைத் தடவிக் கதவைத் திறந்தால் கூடம். வந்தவர்கள் தாமே புது அறைகளைக் கட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கூடவே வழக்குகளும் வந்தன. தீர்ப்புச் சொல்ல ‘மந்திரவாதிகள்’ என்று பெயர் பெற்ற நிர்வாகிகள் இருந்தார்கள். கர்ட்டிஸ் அவர்களுக்குத் தலைவர்.

தீர்ப்புச் சொல்லிச் சொல்லி அவர்கள் அலுத்துப்போனார்கள். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார்: இனி மந்திரவாதிகள் இயந்திரத்தை மட்டும் கவனிப்பார்கள், சமூகத்தின் தகராறுகளைச் சமூகமே தீர்த்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த எண்ணம்தான். ஆனால் ராமன் காட்டுக்குப் போனபோது அவன் பாதுகையாவது சிம்மாசனத்தில் இருந்தது. காவலுக்குப் பரதன் இருந்தான். இங்கே சிம்மாசனம் வெறுமனே கிடந்தது.

சில மாதங்களில், 1993-ல், அந்தக் கூடத்துக்கு ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் ஒருவன் வந்தான். அவனிடம் சூனியப் பொம்மை என்ற தந்திரக் கருவி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு, அங்கிருந்த மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே இழிசெயல்களைச் செய்வதுபோல வாசகங்களைத் தோன்றச் செய்தான். பலர் பார்க்க, ஒரு பெண்ணின் பெயரோடு, அவள் எழுதாத, அவள் சம்மதிக்காத ஆபாசம் வரிவரியாக ஓடியது. அடுத்த நாள் அதைப் பற்றி எழுதும்போது தன் கண்களிலிருந்து நீர் வழிந்ததாக, பாதிக்கப்பட்ட ஒருத்தி பின்னர் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெலிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அந்தச் சம்பவத்தை நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் 1993 டிசம்பரில் எழுதினார்.

‘எழுத்துத்தானே, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் போயிற்று’ என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், கதைக்காரன் சொல்லக் கூடாது. எழுத்தால் அழவைக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பங்கிள் செய்தது, பார்க்கப்போனால், நான் அன்றாடம் செய்யும் வேலை. இன்னொருத்தியின் பெயரை எடுத்து, அவள் இன்னது செய்தாள் என்று எழுதுவது. என் கதாநாயகிக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவன் எழுதியவளுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான், அந்த வித்தியாசத்தில்தான் கலையும் குற்றமும் பிரிகின்றன.

பங்கிளை அழித்துவிட வேண்டும் என்று குரல் எழுந்தது. பாத்திரத்தை அடியோடு நீக்குவதை அங்கே ‘தேரையாக்குவது’ என்பார்கள். பழைய விளையாட்டுகளில் குற்றவாளியைத் தேரையாக மாற்றிய வழக்கத்தின் மிச்சம். ஜனங்கள் கூடிப் பேசினார்கள். மரண தண்டனையா, அது கொடுங்கோன்மையா என்று மணிக்கணக்கில் விவாதம். முடிவு ஏற்படவில்லை. கூட்டம் கலைந்தபின் ஒரு மந்திரவாதி, யாரிடமும் சொல்லாமல், தனியே உட்கார்ந்து பங்கிளை நீக்கிவிட்டார். சில நாளில் அதே ஆள் வேறு பெயரில் வந்து சேர்ந்தான் என்பது இன்னொரு வேடிக்கை.

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பிவந்து, மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். அது மூன்று ஆண்டு ஓடியது. 1996-ல் மந்திரவாதிகள் மற்றொரு அறிக்கை விட்டார்கள்: சமூகத் தீர்ப்புகளிலிருந்து விலகி நிற்பது எங்களால் இயலாத காரியம், இனி விலகி நிற்பதாகப் பாவனை செய்ய மாட்டோம்.

இதை ஜனநாயகத்தின் தோல்வி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அழிக்கும் விசை ஒருவர் கையில் இருக்கும்வரை, அவர் அதைத் தொடாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புத்தான். 1992-ல் கர்ட்டிஸ் துறந்தது அதிகாரத்தையல்ல. அதற்குப் பதில் சொல்லும் கடமையைத்தான் துறந்தார். அதிகாரம் அவருடைய ஆட்களின் கையிலேயே இருந்தது. அதனால்தான் அது ஒருநாள் இரவில், யாருடைய சம்மதமும் இல்லாமல், ஒரே மனிதரின் விரல் நுனியில் வெளிப்பட்டது.

அக்காள் மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எண்ணிக்கை?” என்றான். கெட்டிக்காரன்; விடமாட்டான்.

“அவனை வெளியே அனுப்பினா எத்தனை பேர் போவாங்கன்னு கணக்குப் பார்க்கிறே. அவனாலே ஏற்கனவே எத்தனை பேர் போயாச்சுன்னு பார்த்தியா?” என்று கேட்டேன்.

பார்த்திருக்கவில்லை. பார்க்கத் தோன்றியிருக்காது. சண்டைபோட்டுப் போகிறவன் கதவை உதைத்துவிட்டுப் போவான். மனம் நொந்து போகிறவள் சொல்லிக்கொள்ளாமல் போவாள். நாலாயிரம் என்ற கணக்கில் அவள் பெயர்கூட இன்னும் சேர்ந்துதான் இருக்கும்.

போனை எடுத்து வைத்துக்கொண்டு பழைய பட்டியலைத் தேட ஆரம்பித்தான். வெகுநேரம் பேசவில்லை. தொடக்கத்தில், இருபது பேர் இருந்த காலத்தில், தினமும் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயரைக் காட்டினான். எட்டு மாதமாக அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

“எழுதிக் கேட்கட்டுமா மாமா?”

“கேளு” என்றேன்.