பக்குவம் யார் பொறுப்பு?

மும்பையின் விக்ரோலிக்குத் தெற்கே, செட்டா நகர் முருகன் கோயிலையும் தாண்டிப் போனால் டிராம்பே. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் லெஹிபா முடுக்கி 2023இல் புரோட்டான்களை 2 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏற்றியது. இத்தகைய முடுக்கிகளுக்கான புரோட்டான்கள் பிறப்பது ஹைட்ரஜன் நிரம்பிய ஒரு சிறு அறையில். 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை, வேவ்கைடு எனும் செவ்வக உலோகக் குழாய் வழியே அதற்குள் நுழைகிறது. காந்தப்புலம் 875 காஸ் இருக்கும் இடத்தில் எலக்ட்ரான்களின் சுழற்சியோடு ஒத்திசைந்து, வாயுவைப் பிளாஸ்மாவாக்குகிறது. குழாயின் மின்மறுப்பும் பிளாஸ்மாவின் மின்மறுப்பும் சிறிதும் பொருந்தாவிட்டால், எவ்வளவு திறன் அனுப்பினாலும் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிவிடும்.

இறையருளைப் பற்றியும் இதே போன்ற கேள்வி உண்டு. அருள் எல்லா உயிர்க்கும் பொது என்றால் சிலருக்கு மட்டும் ஏன் எட்டுகிறது? மலபரிபாகம், அதாவது உயிரை மறைக்கும் மலத்தின் பக்குவம், கூடும்போது சத்திநிபாதம் எனும் அருள் பதிவு நிகழும் என்பது சைவ சித்தாந்தத்தின் விடை. அந்த விடையை வைத்தே, துன்பத்தில் இருப்பவரிடம் ‘உனக்குப் பக்குவம் போதாது’ என்று சொல்லிவிடுகிறோம். இது கொடுமை; சித்தாந்தத்துக்கும் பொருந்தாதது. அந்தச் சிறு அறையையே பாருங்கள். நுண்ணலை பற்றவைப்பதற்கு முன் வாயு ஒரு விதம், பற்றிய பின் பிளாஸ்மா வேறு விதம். வாயு அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். வேவ்கைடு வடிவமைப்பவர் அதனோடு சண்டை போடுவதில்லை. குழாய்க்குள் படிப்படியாக உயரும் மேடுகள் வைத்து மின்புலத்தை நடுவில் குவிக்கிறார். ட்யூனர் எனும் பொருத்தியின் தண்டுகளை ஏற்றி இறக்குகிறார். பொருந்திப்போகும் வேலை கொடுக்கும் பக்கத்தில் நடக்கிறது. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் வழிவந்தோர் சொல்வதும் இதுவே: இறைவன் ஒரு மலமே உடைய விஞ்ஞானகலருக்கு உள்ளிருந்து உணர்த்துகிறான், இரு மலம் உடைய பிரளயாகலருக்குத் தன் திருவுருவில் தோன்றுகிறான், மும்மலமும் உடைய சகலராகிய நமக்கு மானுடக் குருவாக மறைந்து வருகிறான். வாங்குபவரின் நிலைக்கேற்ப வழி மாறுகிறது.

சடமான அலையை அருளுக்கு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். முழுதும் ஒப்பிட முடியாதுதான். திரும்பும் அலை டம்மி லோடு எனும் உறிஞ்சியில் வெப்பமாகித் தொலைகிறது, அருளுக்கு அழிவில்லை. கடவுள் உண்டு என்பதற்கும் இது சான்றாகாது. எட்டவில்லை என்பதால் கொடுக்கப்படவில்லை என்றோ, வாங்குபவர் தகுதியற்றவர் என்றோ முடிவுகட்ட முடியாது. இந்த ஒப்புமை காட்டுவது அவ்வளவே. எல்லாம் வல்லவனுக்கு ஏன் தாமதம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. உயிரும் அதைப் பிணித்த ஆணவ மலமும் அவன் படைத்தவை அல்ல, அநாதியானவை. அதனால்தான் காலம் பிடிக்கிறது என்கிறது சித்தாந்தம். நோயில் கிடப்பவருக்கு இது முழு ஆறுதல் தராது. ஆனாலும் அவர்மேல் பழி போடாத விடை இது. கோயிலிலும் வீட்டிலும் சமயம் சொல்லித்தருபவர்களே, கேட்பவருக்கு எட்டவில்லையென்றால் முதலில் சொல்லும் முறையை மாற்றுங்கள்.