மூப்பின் பயன்

மூப்பு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே பலர்க்கு உள்ளம் சுருங்குகின்றது. கண்ணொளி குன்றுகின்றது, முழங்கால் நோகின்றது, நேற்று நம் கைப்பற்றி நடந்த சிறுவன் இன்று நமக்கு வழி சொல்லுகின்றான். இவற்றுள் நம்மைப் பெரிதும் வருத்துவது யாது? உடற்றளர்ச்சி அன்று, பிறர் நம்மை மதிக்கவில்லையே என்னும் எண்ணமேயாம்.

இதனை யான் என்னிடத்தே கண்டறிந்தேன். அன்புவழிபுரத்தில் ஒருநாள் மாலை, பாடம் படித்துக்கொண்டிருந்த என் பெயரன், யான் சொன்ன பொருள் பிழையென்றான். அவன் கூறியதே சரி. ஆயினும் சினந்தெழுந்தேன், இரவு உணவுங் கொண்டிலேன். பின்னர்த் தனித்திருந்து நோக்கியபோது, அச்சினத்தால் நொந்தவனும் யானே, அறிவிழந்தவனும் யானே எனத் தெளிந்தேன்.

அப்பொழுது திருநாவுக்கரசு சுவாமிகள் நினைவிற்கு வந்தார். எண்பத்தோராண்டு வாழ்ந்தாரென வழங்கப்பெறும் அப்பெரியார், தம்மினும் மிக இளையராகிய திருஞானசம்பந்தர் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளியபோது, கூட்டத்துள் மறைந்து புகுந்து அவர்தம் சிவிகையைத் தோளிற் சுமந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அவரை அப்பர் என்றழைத்தவரும் அப்பிள்ளையாரே. மதிப்பைத் தேடாது வழங்கினார், ஆதலின் மகிழ்ந்தார். திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுங்கால் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைக் கல்லோடு ஒப்ப எண்ணி வாவியில் எறிந்தார். பற்று நீங்கிற்று, பணி நீங்கவில்லை.

பற்றற்றார்க்குப் பணியில் இன்பம் ஏது என்று ஈண்டு ஓர் ஐயம் எழும். பயனை நோக்கி உழைப்பவனுடைய இன்பம் நாளைக்குரியது; பணியையே விரும்புவோனுடைய இன்பம் இன்றைக்கே உரியது. முதியோர்க்கு நாளை சுருங்கியது. எனவே இரண்டாவதே அவர்க்கு நிலைத்த செல்வம். 1855இற் பிறந்த உ. வே. சாமிநாதையர் குறுந்தொகையை 1937இல் பதிப்பித்து வெளியிட்டபோது எண்பதைக் கடந்திருந்தார். அவ்வுழைப்பின் சுவையை அவர் அன்றன்றே துய்த்திருத்தல் வேண்டும்.

நம் கோணமலையும் இதற்குச் சான்று. 1624இல் போர்த்துக்கேயர் திருக்கோயிலை இடித்தனர். மீண்டெழுந்த கோயிலிற் குடமுழுக்கு நிகழ்ந்தது 1963இலேயாம். இடைப்பட்ட காலத்தே, வெறும் பாறையின் விளிம்பில் நின்று கடலில் மலர் தூவி வழிபட்டோருள் முதியோர் எத்துணையரோ! தாம் காணப்போகாத கோயிலுக்காக அவர் அன்பை நிறுத்தினாரல்லர். அவ்வன்பின் நிழலிலேயே நாம் இன்று வழிபடுகின்றோம்.

அன்பர்காள்! முதுமையில் இழப்பன பல என்பது மெய்யே. ஆயினும் 'யானே அறிவேன்' என்னும் சுமையொன்றை இறக்கிவைத்தால், ஏனைய இழப்பெல்லாம் பாதி இலேசாகும். இளையோரிடங் கற்றலும், தம்மால் இயன்ற சிறுபணியை நாடோறும் செய்தலும், தமக்குப் பயன்படாததன்மேலும் அன்பு வைத்தலும் ஆகிய இம்மூன்றும் எம்மூப்பிலும் கைகூடுவன.

மறுநாட் காலையிற் பெயரனை அழைத்து, அப்பொருளை எனக்கு விளக்குக என்றேன். அவன் முதலில் அஞ்சினான். பின் நெருங்கியமர்ந்து விளக்கினான். யான் மாணாக்கனாய்க் கேட்டேன். நெடுநாட்குப் பின் அன்று என் உள்ளம் குளிர்ந்தது.