பசியின் சம்மதம்

கொல்லிமலை என்றால் இலக்கியக்காரர்களாகிய நமக்கு ஓரியும் பாவையும்தான். 2019 ஏப்ரலில் ராசிபுரத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவு வெளிவந்தது. முன்னாள் செவிலி உதவியாளர் ஒருவர் குழந்தைகளுக்கு விலை சொல்கிறார்: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் குறைவு, நிறத்துக்குத் தக்கபடி ஏற்றம். மலையின் ஏழைத் தாய்மாரிடமும் வாங்கியதாக வழக்கு. சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கைதானார். பிறகு அது சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று.

குரலில் குரூரமே இல்லை. நகைக்கடனுக்கு கிராம் கணக்குச் சொல்லும்போது கவுன்டரில் என் குரலும் அப்படித்தான் இருக்கும்.

தாய் சம்மதித்தாளே என்றார் நண்பர். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவு அதைப் பொருட்படுத்துவதில்லை; விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை சிறை. பசியில் போட்ட கையெழுத்துகளை நான் தினமும் சரிபார்க்கிறேன். லெட்ஜர் வேண்டுமானால் அவற்றைச் சம்மதம் என்று ஏற்கும். இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். இரவு வெகுநேரம் தாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். குழந்தையின் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும்தான்.