ஒரு பெட்டி, இரண்டு வயது

ஹோம் தியேட்டர் ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் அடங்கிய இரண்டு கருவிகள். ஒன்று ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிபயர். மற்றொன்று டிவி, பிளேயர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் டிஜிட்டல் பகுதி. ஒரே நாளில் வாங்கியவை என்றாலும் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. பழையதை வைத்துக்கொள்வதா, விற்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன், எந்தப் பாதிக்கு வயதாகிவிட்டது என்று பார்க்க வேண்டும்.

ஆம்ப்ளிபயர் மெதுவாக மூப்படையும் பாதி. 80 வாட் பெட்டியைக் கொடுத்துவிட்டு 100 வாட் பெட்டி வாங்கினால் கூடுவது ஏறக்குறைய ஒரு டெசிபல்தான்; காது அதைக் கண்டுகொள்வதே கடினம். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் வரை தந்துவிடும். வால்பாறை போன்ற மலையூரின் எஸ்டேட் லயன் வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். அங்கே வாட் போதவில்லை என்ற குறை வர வாய்ப்பே குறைவு. சப்வூபரின் அதிர்வு பக்கத்து வீட்டுப் பாத்திரங்களை ஆட்டும் என்பதுதான் அங்குள்ள உண்மையான வரம்பு.

டிஜிட்டல் பகுதியின் கதை வேறு. படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கடத்தும் எச்டிஎம்ஐ 2002 இறுதியில் வந்தது. 2009-இல் வந்த 1.4 பதிப்பு, டிவியின் ஒலியை அதே வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ‘ஆர்க்’ வசதியைக் கொடுத்தது. 2013-இல் 2.0, 2017-இல் 2.1 என்று அடுத்தடுத்து மாறியது. நடுவில் 4கே படங்களுக்கென்று எச்டிசிபி 2.2 என்ற காப்புப் பூட்டும் சேர்ந்தது. அந்தப் பூட்டை அறியாத ரிசீவர் வழியாக 4கே பிளேயரை இணைத்தால், திரை கறுப்பாகவே நிற்கும் அல்லது படம் தரம் குறைந்து வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பிளேயரை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஆர்க் அல்லது ஆப்டிகல் வயரில் ரிசீவருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். ப்ளூ-ரேயின் தரம் இழக்காத பல சேனல் ஒலியும், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸும் ஆப்டிகல் வழியே வராது. இழப்பு அவ்வளவே.

அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது, வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியுடனும், 1996-இல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியுடனும் திரைக்கு வந்தன. அதற்குப் பின் டிவிடியாக வந்த படங்களின் 5.1 ஒலியைக் குறையின்றிக் கேட்க 2005-ஆம் ஆண்டு ரிசீவரே போதும். வீட்டு ரிசீவர்களில் டால்பி அட்மாஸ் நுழைந்தது 2014-இல். தலைக்கு மேலிருந்து ஒலி வர, கூரையில் ஸ்பீக்கர் பதிக்க வேண்டும். அல்லது மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் தட்டையான கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். மலை வீட்டின் சரிவான தகரக் கூரை இதற்கு ஒத்துழைக்காது. ஆடி மழை தகரத்தில் விழும்போது வசனமே கேட்பதில்லை. அந்த நேரத்தில் உதவுவது, சிறிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியை அடக்கும் ‘நைட் மோட்’. அது பழைய பெட்டிகளிலேயே உண்டு.

ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறையில் ஆண்டுக் கணக்கைவிட ஈரம் பெரிய எதிரி. ஸ்பீக்கர் வயரின் செம்பு நுனி பச்சை பூக்கும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். உள்ளே இருக்கும் ரிலேயின் முனைகளில் படலம் படிந்தால், ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாக இருந்து, சத்தத்தைக் கூட்டியதும் திடீரென்று பேசத் தொடங்கும். இவை மெக்கானிக் சுத்தம் செய்தோ, சிறு உதிரியை மாற்றியோ சரிசெய்யக்கூடியவை; விற்பதற்குக் காரணம் ஆகா. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், மலைக்குளிர் பெட்டிக்கு ஓரளவு நல்லதும் செய்கிறது. இடி வரும்போலிருந்தால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னல் இரண்டு வழியிலும் வரும்.

எச்டிஎம்ஐ போர்டோ பிராசஸரோ போனால் கணக்கு மாறும். பழைய மாடல்களுக்குப் போர்டு கிடைப்பது அரிது. 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பெட்டியைக் கொண்டுபோய், சரியாகாமலே திரும்பிவரவும் கூடும். பழுதுச் செலவும் போக்குவரத்தும் சேர்ந்து, அதே போன்ற செகண்ட் ஹேண்ட் பெட்டியின் விலையை நெருங்கினால் மாற்றுவதே நியாயம். கூரையும் அறையும் இடம் கொடுத்து, அட்மாஸ் படங்களை அடிக்கடி பார்க்கும் வீட்டுக்கும் புதியது பொருந்தும்.

இவை எதுவும் இல்லாமல் எழும் ஆசை பெரும்பாலும் கடையில் பிறப்பது. புதிய பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் முடியவே முடியாது. இந்த வீட்டில் இப்போது எது கேட்கவில்லை என்று கேட்டால் பதில் ஒன்றிரண்டு வரியில் அடங்கிவிடும். அந்தக் குறையும் பல வேளைகளில் ரிசீவரால் வருவதில்லை. மூலையில் திணித்த ஸ்பீக்கரோ, வெறும் சுவரின் எதிரொலியோ காரணமாக இருக்கும். ஒரு கனத்த திரைச்சீலையும் ஸ்பீக்கரை அரையடி நகர்த்துவதும் செய்யும் மாற்றத்தைப் புதிய பெட்டி செய்யாமல் போகலாம்.

விற்பதென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்க வேண்டும். ரிமோட், அறையின் ஒலியை அளவெடுக்கும் மைக் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, எல்லா சேனலும் பேசுவதை வாங்குபவருக்குக் காட்டிவிட வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் பெரும்பாலும் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவரும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் அவசியம் என்பதை மறைக்கக் கூடாது. உயிரே இல்லாத பெட்டியைச் சரிவில் வீசினால், பழைய பற்றவைப்பிலுள்ள ஈயம் மழைநீரோடு ஓடைக்குப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.