காத்திருப்பின் எல்லை

'காத்திரு' என்பது எப்போது 'இல்லை' என்றாகிறது? நெட்வொர்க்கில் தகவலை வரிசைப்படுத்தும் முறைகளைப் படிக்கையில் எனக்கு எழுந்த கேள்வி இது.

தகவல் சிறு பொட்டலங்களாக ரௌட்டரில் வந்து வரிசையில் நிற்கிறது. கறாரான முன்னுரிமை முறையில் விதி ஒன்றுதான்: மேல்வரிசை காலியானால்தான் கீழ்வரிசையைத் தொடலாம். பேச்சு மேலே, ஃபைல் கீழே. தாமதித்தால் பேச்சு கெட்டுவிடும், ஃபைல் பொறுக்கும். நியாயம்தான். ஆனால் மேல்வரிசை காலியாகவே இல்லையென்றால் கீழ்வரிசை நிரம்புகிறது. அதன்பின் வருவது உதறப்படுகிறது. துறைக்காரர்களே இதைப் பட்டினி என்கிறார்கள்.

இந்தப் பட்டினிக்குக் கர்த்தா இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. யாரும் எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு கணத்தின் தீர்மானமும் சரி, கூட்டுத்தொகை அநியாயம். வங்கிக் கவுண்ட்டரில் உட்காருகிறவனுக்கு இது புதிதல்ல. 'நாளை வாருங்கள்' என்பதை விதியே சொல்லிவிட்டால், அதை வாயால் சொன்னவர் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

1985-ல் ஜான் நேகிள், அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, முறைவைத்து எடுக்கலாம் என்றார். 1989-ல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் மூவரும் அதிலிருந்த ஓட்டையைத் திருத்தினார்கள். பெரிய பொட்டலம் அனுப்புகிறவன் தன் முறை வரும்போது அதிகம் அள்ளிவிடுகிறான். ஆகவே பொட்டலத்தை எண்ணாமல் பிட்டுகளை எண்ண வேண்டும். இப்படி எடைபோட்டுப் பங்கிடும் முறையில் கீழே நிற்பவனின் பங்கு சிறுக்கலாம், பூஜ்யமாகாது. அதற்கு விலையும் உண்டு: நெரிசலில் மேலே உள்ளவரும் சற்றுப் பொறுக்க வேண்டும். பொட்டலத்துக்கு ஏது வலி என்று கேட்கலாம். பொட்டலம் யாரோ ஒருவருடையது.

வேறொரு வகைக் கீழ்நிலையும் உண்டு. 2012-ல் ஆர்எஃப்சி 6817 என்ற ஆவணமாக வெளியான லெட்பேட் முறை, வரிசையில் தாமதம் ஏறுவதை அளந்து தானாகவே ஒதுங்குகிறது. இடம் இருக்கும்போது மட்டும் நிரப்பிக்கொள்கிறது. இங்கே அனுப்புகிறவனே விட்டுக்கொடுக்கிறான். கடைசியில் நிற்க முன்வருவதும் கடைசியில் நிறுத்தப்படுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். இரண்டையும் குழப்பி, நிறுத்தப்பட்டவனின் பொறுமையைப் புகழ்வது மேலே உள்ளவர்களுக்குச் சௌகரியம்.

எனக்கு முன்னுரிமையின் மேல் விரோதமில்லை. பேச்சையும் ஃபைலையும் ஒன்றாகப் பாவிப்பது யோசிக்க மறுக்கும் சோம்பல். ஓர் ஒழுங்கை ஏற்க நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: மிகக் கீழே நிற்பவனுக்குக் குறைந்தது எவ்வளவு கிடைக்கும் என்பதை அது எண்ணால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத ஒழுங்கு, மறுப்பைத் தவணை முறையில் தருகிறது.