பேசும் திரையும் உடைமையும்

பணங்கொடுத்து வாங்கி நம் வீட்டில் வைத்திருக்கும் பொருள் நம்முடையதுதானா? இது வீண் தர்க்கமென்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். செடெனாக்கில் ஒரு மூதாட்டியின் வீட்டிற்குச் சென்று வந்தபின் நமக்கு அவ்விதம் தோன்றவில்லை.

அம்மூதாட்டி பால்மரத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரன் அவருக்கு ஸ்மார்ட் டிஸ்பிளே எனப்படும் திரைக்கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். மாலைதோறும் அதில் அவன் முகம் தோன்றும்; மருந்துண்ணும் வேளையில் மணி ஒலிக்கும். எழுத்தறியாத முதியவர்க்கு இது சிறிய உபகாரமன்று. ஓர் இரவு, அதனை இயக்கும் மென்பொருள், எவரையும் கேளாமல், தானே மாறிற்று. பொழுது விடிந்தபோது திரையில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் அசையாமல் நின்றது.

கண்ணேறு என்றார் அண்டை வீட்டார் ஒருவர். எலுமிச்சம்பழமும் வந்து சேர்ந்தது! நாம் பழத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடினோம். மின்கம்பியைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மாட்டினோம்; பயனில்லை. அவ்வீட்டு வைஃபையில் கைப்பேசி ஒழுங்காக இயங்கியது. ஆகவே குற்றம் இணைப்பில் இல்லையென்பது தெளிந்தது. முடிவில், ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தோம். உள்ளே சேர்த்து வைத்தவற்றையெல்லாம் அழித்துக் கருவியைப் புதியது போலாக்கும் வழி அது. கருவி விழித்தெழுந்தது. எழுந்ததும் அது கேட்டது, கணக்கின் கடவுச்சொல். அதுவோ பேரனுக்கு மட்டுமே தெரியும். மூதாட்டியின் வீட்டில், மூதாட்டியின் மின்சாரத்தில் எரியும் அத்திரைக்கு மூதாட்டி யாரோ ஒருவர்!

இத்தகைய விபத்து தவிர்க்க முடியாததா? அன்று. பழைய மென்பொருளை அழியாமல் ஒருபுறம் வைத்துக்கொண்டு, புதியதை மறுபுறம் எழுதி, புதியது எழும்பாவிடில் பழையதற்கே திரும்பும் முறை உண்டு. ஆண்ட்ராய்டு இம்முறையை 2016ஆம் ஆண்டிலேயே கொணர்ந்தது. வழி தெரிந்திருந்தும் திரும்பும் பாதை அமைக்காதவன் செய்தது கவனக்குறைவு மட்டுமன்று, அநீதியுமாகும் என்பது நம் கருத்து.

இதனினும் துணிந்த செயல் 2009ஆம் ஆண்டு ஜூலையில் நடந்தது. பதிப்புரிமையற்ற ஒருவர் விற்றாரென்று, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 1984 என்னும் நாவலை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எனினும், புத்தகக் கடைக்காரன் இரவில் நம் வீட்டுள் புகுந்து, மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்றால் அதனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

அப்படியாயின் மாற்றமே வேண்டாமென்று சொல்லலாகுமா? ஆகாது. 2016இல் மிராய் என்னும் தீய மென்பொருள், பாதுகாப்புக் குன்றிய வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தி, அவற்றின் வாயிலாகப் பெரிய இணையதளங்களையும் முடக்கிற்று. என் கருவியின் ஓட்டை பிறருக்கும் கேடு. ஆதலின் திருத்தம் அவசியமே. நாம் கேட்பது அனுமதியும் திரும்பும் வழியுமே.

தோட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. லயத்து வீடு தோட்டத்தினுடையது; வேலை போனால் வீடும் போகும். துரை சொன்னதைக் கிராணி எழுதுவார், கங்காணி நடத்துவார். தொழிலாளியை எவரும் கேட்டதில்லை. இன்று செடெனாக்கில், தோட்டங்களுக்கிடையே தொழில்நுட்பப் பூங்கா அமைந்து, தரவு மையங்கள் எழுந்துள்ளன. கேளாமல் நடத்தும் பழக்கம் மட்டும் மாறவில்லை. நம்மிடமும் குறையுண்டு. நிபந்தனைகளைப் படியாமலே ‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டுவிடுகிறோம். பழுதானால் விதியென்று புதியது வாங்குகிறோம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுது பார்க்கும் வசதி நியாயமான காலம்வரை கிடைக்கவேண்டுமென்கிறது. முறையிடத் தீர்ப்பாயமும் உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் வருமென்பதை உற்பத்தியாளர் வெளியிட்டே ஆகவேண்டும்.

ஞாயிறன்று பேரன் வந்து கடவுச்சொல்லை இட்டான். “அடுத்த தடவை மாற்றும்போதாவது சொல்லிவிட்டு மாற்றுவார்களா, தம்பி?” என்று மூதாட்டி நம்மை வினவினார். கருவியின் அமைப்புப் பக்கங்களை அவனும் நாமும் ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம். ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு அதில் இடமில்லை.