ரூபாய்ப் பிரபுவின் முகம்

லண்டன் ஹைட் பார்க்கில் ஒரு மனிதர் தடித்த மட்டக்குதிரை ஒன்றின் மேல் போய்க்கொண்டிருக்கிறார். உடை ஆங்கிலக் கனவானுக்கு உரியது. முகம் மட்டும் கறுப்பு. 1797இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்து அச்சான கேலிப்படம் இது. பெயர் 'கவுண்ட் ரூபி'. தமிழில் ரூபாய்ப் பிரபு என்று வைத்துக்கொள்ளலாம்.

படத்தில் இருப்பவர் கறுப்பர் அல்லர். பால் பென்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரர். அந்த வருடம் அவர் ஷாஃப்ட்ஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்.

ஒரு வங்கிக்காகப் பழைய தரவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். முடிவே இல்லாத தொலைபேசிக் கூட்டங்கள். கேமராவை அணைத்துவிட்டு பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் ஜார்ஜிய காலத்துக் கேலிப்படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். குதிரையிலிருந்து விழும் வேட்டைக்காரர்கள், வாதநோயில் வீங்கிய கால்கள், விக் கழன்ற கிழவர்கள் எல்லாம் வரிசையாக வரும். அப்படித்தான் ரூபாய்ப் பிரபுவும் வந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். பிறகு அது யார் என்று தேடிப் படித்தபோது, சிரிப்பு போகவில்லை, ஆனால் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

ஏனென்றால் இந்த பென்ஃபீல்ட் எங்கள் ஊர்க்காரர் மாதிரி. நான் பிறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில். பென்ஃபீல்ட் 1760களில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னைக்கு வந்தார். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்பார்கள். ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தபோது, வாங்கிய கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூரின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். அது போதாதென்று, வயலில் நின்றுகொண்டிருந்த பயிரை ஈடாக வைத்தும் பென்ஃபீல்ட் அங்கே பலருக்குக் கடன் கொடுத்திருந்தார். 1776இல் கவர்னர் பிகட் தஞ்சாவூரை மறுபடி ராஜா துளஜாவிடம் ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்ட் தனக்கு வரவேண்டியது என்று நீட்டிய கணக்கு 2,30,000 பவுண்டுக்கும் மேல். சொற்பச் சம்பளம் வாங்கிய ஒரு கம்பெனி ஊழியர் இவ்வளவு பணத்தை எங்கிருந்து எடுத்துக் கடன் கொடுத்தார் என்று கேட்ட கவர்னரையே அவருடைய ஆலோசனைக் குழு கைது செய்தது. மறுவருடம் பிகட் காவலிலேயே இறந்துபோனார்.

நின்ற பயிரின் மேல் கடன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தாத்தா குத்தகை விவசாயி. களத்தில் நெல்லைத் தூற்றும்போதே கடன்காரர் சாக்கோடு வந்து நிற்பதை என் அப்பா பார்த்திருக்கிறார். அந்தச் சாக்குக்காரர்களின் நீண்ட வரிசையில் லண்டனுக்குப் போய் குதிரை ஏறியவர் பென்ஃபீல்ட்.

அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? நவாபின் கடன்களைப் பெரிதாக விசாரிக்காமலே வருவாயிலிருந்து அடைக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் இதைக் கிழிகிழியென்று கிழித்தார். பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே தாக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆக, 1797இல் அந்த மனிதரை ஊர் கூடி அவமானப்படுத்தியது ஒரு கேலிப்படக்காரரின் ஊசிதான். என் பாட்டன் முப்பாட்டன்களின் சார்பில் கில்ரேக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

சொல்ல முடியவில்லை. அந்த முகம்தான் காரணம்.

பென்ஃபீல்ட் தஞ்சாவூரைச் சுரண்டினார். அதற்காக அவரை அவமானப்படுத்த எண்ணிய ஓவியர், சுரண்டப்பட்டவர்களின் நிறத்தை எடுத்து அவர் முகத்தில் பூசியிருக்கிறார். திருடனுக்குத் தண்டனை, திருட்டுக் கொடுத்தவனைப் போல் ஆக்குவது! இதை அந்தக் காலத்துக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். இந்தியாவில் கொள்ளையடித்துத் திரும்பியவர்களை 'நபாப்' என்று அழைத்து இங்கிலாந்து சிரித்தது, அவர்கள் கீழை நாட்டின் ஊழலை உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதுதான் கேலியின் பொருள் என்றார். சரிதான். ஆனால் அந்த விளக்கம் என் சங்கடத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. ஊழல் எங்களிடமிருந்து அவருக்குத் தொற்றியதாம்!

இன்னொன்றையும் யோசித்தேன். ஏன் குதிரை? ஹைட் பார்க்கில் குதிரையேறி வலம் வருவது மேட்டுக்குடியினர் தங்களைக் காட்டிக்கொள்ளும் சடங்கு. அந்தக் குதிரையில் உட்கார இவனுக்கு என்ன தகுதி என்பதே படத்தின் கேள்வி. இதே கில்ரே 1800இல் 'காக்னி ஸ்போர்ட்ஸ்மென்' என்று ஒரு தொடர் வரைந்தார். லண்டன் கடைக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிராமப்புறம் போய் வேட்டையில் அசடு வழியும் படங்கள். இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய சட்டம் தெரிந்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்கும். 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்ட் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர் போன்ற ஒரு சிலரே முயலையோ கௌதாரியையோ சுடலாம். கடைக்காரரிடம் எவ்வளவு காசு இருந்தாலும் உரிமை இல்லை. 1831 வரை இதுதான் நிலை. சட்டம் வாசலில் நிறுத்தியவனைச் சிரிப்பும் சேர்ந்து நிறுத்தியது.

பழைய அலுவலகம் ஒன்றில் எங்களை ஒருமுறை களிமண் தட்டுகளைச் சுடும் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் அதற்கென்றே ஒரு ட்வீட் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். வேலையை விட்டு வரும்போது கொடுத்த வாழ்த்து அட்டையில் யாரோ என்னைக் கார்ட்டூனாக வரைந்திருந்தார்கள். பெரிய தொப்பி, பெரிய பல், தட்டில் படாத குண்டு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனம் கசந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த அட்டையை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

கில்ரேக்கு வேறு விதமாக வரையத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1792இல் வேல்ஸ் இளவரசரை வரைந்தார். தின்று முடித்து நாற்காலியில் சரிந்து, முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார் இளவரசர். நாற்காலிக்கு அடியில் காலிப் பாட்டில்கள், பின்னால் நிரம்பிய மூத்திரச் சட்டி. அதற்கு அடியில் கட்டாத பில்கள். அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அவருடையது. குடித்தது, சூதாடியது, கடனடைக்காதது எல்லாம் அவரே செய்தவை. யாரிடமிருந்தும் எதையும் இரவல் வாங்கவில்லை. ரூபாய்ப் பிரபுவின் முகம் இரவல் முகம். அதுவும் உடையவரைக் கேட்காமல் எடுத்த இரவல். கந்துவட்டிக்காரரை வரைந்த படத்தில் இப்படி ஒரு கணக்கு!

இந்தக் கோட்டை நான் போட்டுவிட்டேனே தவிர, அது நேராக நிற்குமா என்று எனக்கே சந்தேகம். இளவரசரின் தொப்பை அவரே தின்று வளர்த்ததாக இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைக் கடை ஜன்னலில் பார்த்த ஒரு பருத்த கொத்தனாருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆயுதத்தை இப்படித் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தால் கேலியே செத்துவிடும், இளவரசர்கள்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்ற வாதமும் எனக்குத் தெரியும். அதில் உண்மை உண்டு. அதிகாரத்தில் இருந்தவர்கள் கேலிக்கு எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு ரசீதே இருக்கிறது. அதே இளவரசர் அரசரான 1820இல், தன்னை ஒழுக்கக்கேடான நிலையில் வரையமாட்டேன் என்ற உறுதிமொழிக்காக ஜார்ஜ் க்ருக்‌ஷாங்குக்கு 100 பவுண்ட் கொடுக்கப்பட்டது. கில்ரேயும் 1797 முதல் அரசிடம் ஆண்டுக்கு 200 பவுண்ட் வாங்கினார். கேலிக்கு விலை இருந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் அந்த ஏலத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்றால், இல்லை. தொண்ணூறுகளில் பொறியியல் கல்லூரி விடுதியில் நான்தான் கார்ட்டூன்காரன். எங்கள் வார்டன் மெஸ் பணத்தில் கைவைத்தார். ராத்திரியில் ஆட்டோவில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வெளியே போவது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் கேட்கத் தைரியமில்லை. நான் ஒரு சார்ட் பேப்பரில் அவரை எமனாக வரைந்தேன். எருமை மேல் சவாரி. பாசக்கயிற்றுக்குப் பதில் சாம்பார்க் கரண்டி. முகம் முழுக்க இந்தியன் இங்க். விடியற்காலையில் மெஸ் சுவரில் ஒட்டினோம்.

பாத்திரம் தேய்க்கும் அண்ணன் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கையில் வாளியோடு நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "வார்டன் சார் நல்ல செவப்பாச்சே தம்பி. திருடுனதுக்கு எங்க கலரையா அடிச்சு விட்டீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எமன் கறுப்புதானே அண்ணே என்று நான் சமாளித்தேன். காலண்டரில் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது.

அந்தப் படம் வேலை செய்தது. விசாரணை வந்தது, வார்டனை மாற்றினார்கள், அடுத்த மாதம் மெஸ் பில் குறைந்தது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. படம் வெறும் வக்கிரமாக இருந்திருந்தால் சுலபமாகத் தூக்கிப் போட்டிருப்பேன். அது நியாயத்தின் பக்கம் நின்றது, பசித்த முந்நூறு பையன்களுக்குச் சோறு போட்டது, போகிற போக்கில் எங்களுக்காகப் பாத்திரம் தேய்த்தவரின் நிறத்தைத் திருட்டின் நிறமாகவும் ஆக்கியது. முதலிரண்டுக்காக மூன்றாவதை மன்னிக்கலாமா? மன்னிக்க வேண்டியவர் அந்த அண்ணன். அவரிடம் நான் கேட்கவில்லை. அவர் சிரித்ததையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் அந்த அட்டையைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எத்தகையது என்று எனக்குத் தெரியும். அதை வைத்து அவருடைய சிரிப்பை இப்போது அளந்து பார்க்கிறேன், இத்தனை வருடம் கழித்து.

என் மகளுக்குப் பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். பழைய தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை நான் போட்டால் எழுந்து போய்விடுவாள். "கறுப்பா இருக்கிறதுல என்னப்பா ஜோக்?" என்று ஒருமுறை கேட்டாள். ரசனை தெரியாத பிள்ளை என்று அவள் அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன். ரூபாய்ப் பிரபுவை அவளுக்குக் காட்டியபோது, "இவர் என்ன செஞ்சார்னு படத்துல எங்க இருக்கு?" என்றாள். நான் மறுபடி பார்த்தேன். பயிர் இல்லை, பத்திரம் இல்லை, தஞ்சாவூர் இல்லை. குதிரையும் நிறமும் மட்டும் இருந்தன.

பென்ஃபீல்ட் பிற்பாடு நொடித்துப்போய் 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அதே சமயத்தில் கில்ரேக்குப் பார்வை மங்கி, புத்தியும் பேதலித்திருந்தது. 1815இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் கடைசிக் காலம் வரை வசித்தது செயின்ட் ஜேம்ஸ் தெருவில், அவருடைய படங்களை விற்ற ஹன்னா ஹம்ஃப்ரியின் கடைக்கு மேல். அந்தக் கடையையே 1808இல் ஒரு படமாக வரைந்திருக்கிறார். பனியில் வழுக்கி ஒரு கிழவர் மல்லாந்து விழுகிறார். பின்னால் ஜன்னலில் தொங்கும் கேலிப்படங்களைப் பார்த்தபடி ஒரு சிறு கூட்டம். விழுந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் ஒருவன் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டான். மெஸ் சுவர், என் எமன் படம், முன்னால் லுங்கியில் நாங்கள் ஆறு பேர். அழுகிற அளவுக்குச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மளமளவென்று விழுந்தன. ஓரத்தில், சட்டகத்தில் பாதி வெட்டுப்பட்டு, வாளியோடு அந்த அண்ணன் நிற்கிறார். அவர் பெயர் என்ன என்று குழுவில் கேட்டேன். நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். இரண்டு நாள் கழித்து ஒருவன் மட்டும் பதில் எழுதினான், நாம அவரை அண்ணேன்னுதானே கூப்பிடுவோம் என்று.